கானா ஊரில் ஒரு ஆட்சேபணை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு புருஷனாம். அந்தப் புருஷனுக்கு ஒரே ஒரு பெண்டாட்டியாம். ரெண்டு பேரும் கடல் தாண்டி மலை தாண்டி எருசலேமுக்குப் புறப்பட்டாங்களாம். புறப்படும்போது கல்யாணம் ஆனவங்களாப் போனவங்க, பாதி வழியிலே கல்யாணம் ஆகாதவங்களா ஆயிட்டாங்களாம்.

நீங்க 'உம்' கொட்டணும் தம்பி. உம் கொட்டாத காதுக்குக் கதை சொன்னா சொல்றவனுக்கு வழி தப்பிரும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. சத்தமா வேண்டாம், மெதுவாக் கொட்டுங்க. முன்னாலே, டிரைவருக்குப் பின் சீட்டிலே, மாம்பழக் கலர் சேலை தெரியுதா? அவதான் அந்தப் பெண்டாட்டி. இல்லை, இருங்க. அது திரும்பினா வேற யாரோ. அதுக்குப் பக்கத்திலே, பச்சைச் சேலை. ஆமா, அவதான். பேரு எமரால்டு. நான்தான் அந்தப் புருஷன், அதிசயராஜ். கிருபாபுரம் பள்ளிக்கூடத்திலே பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன்.

தம்பி எங்கே இறங்கணும்? திசையன்விளையா? நல்லதாப் போச்சு. நாங்க அதுக்கு முந்தி, கிருபாபுரம் விலக்கிலே இறங்கிருவோம். அதுக்குள்ளே சொல்லி முடிச்சிரலாம். ஒண்ணு மட்டும் மனசிலே வச்சுக்கிடுங்க. அவ திரும்பிப் பார்த்தா நான் தென்னைக்கு உரம் வைக்கிறதைப் பத்திப் பேசுவேன். நீங்களும் தலையாட்டுங்க.

எங்க சபையிலே இருந்து இருபத்துச் சொச்சம் பேர் புனிதப் பயணம் கிளம்பினோம். எங்க சபைப் பாதிரியார் சாலமோன் ஐயர் வந்தார், அவர் சம்சாரம் ஐயரம்மா வந்தாங்க. எங்க குடும்பத்திலே நான், எமரால்டு, மகள் ஷைனி, அப்புறம் என் மச்சினன் டைட்டஸ். டைட்டஸ் சர்ச்சு நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டிக்குச் செயலாளர். நாலு பேர் டீக்கடையிலே நின்னு பேசினாலும் இதுக்குத் தலைவர் யாருன்னு கேக்கிற ஆளு. ஐயரம்மா ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சேலை. சந்தன நிறம், அரக்குப் பார்டர். கூட்டத்திலே யாரும் தொலைஞ்சிரக் கூடாதுன்னு நல்ல எண்ணத்திலே எடுத்ததுதான். அந்தச் சேலையாலே நான் பட்ட பாட்டைப் பின்னாலே சொல்லுவேன்.

நான் விசில் கொண்டு போனேன். ஸ்டீல் விசில், கறுப்புக் கயிறு. சர்வீஸ் முழுக்க என் கழுத்திலே கிடந்தது. எனக்கு அது தாலி மாதிரின்னு வச்சுக்கிடுங்க. ஏர்போர்ட்டிலே இருந்தே நான்தான் முன்னாலே நடந்தேன். யாரும் கேக்கலை. கேட்டா செய்யிறது சேவையா? கைடு ஒருத்தர் இருந்தார், எலியாஸ்னு பேரு, கையிலே கொடி வச்சிருந்தார். அவருக்கும் முன்னாலே நான் நடந்தேன்.

இந்தப் பயணத்திலே எனக்கு ஒரே ஒரு ஆசைதான் தம்பி. கானா ஊர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆண்டவர் தண்ணியைத் திராட்சரசம் ஆக்கின கல்யாண வீடு. அங்கே உள்ள கோவிலிலே போய்ப் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் மறுபடி வாக்குக் குடுத்தா ஒரு சர்ட்டிபிகேட்டு தருவாங்க. முத்திரை எல்லாம் போட்டிருக்கும். நான் என்ன பண்ணினேன், முதல்லேயே ஃபிரேம் வாங்கிட்டேன். ஹாலிலே ஆணி அடிச்சு, காலி ஃபிரேமை மாட்டிட்டுத்தான் பிளைட் ஏறினேன். வந்த பிறகு ஸ்தோத்திர ஆராதனை, பிரியாணி, சர்ட்டிபிகேட்டுத் திறப்பு விழா. சபையிலே அறிவிச்சாச்சு. ஊர் முழுக்கத் தெரியும்.

எமரால்டு அந்த ஃபிரேமைப் பார்த்தா. "உள்ள ஒண்ணும் இல்லையே"ன்னா. "வரும்"னேன். அவ்வளவுதான் பேச்சு.

கானாவிலே எலியாஸ் பத்து நிமிஷம்தான்னு சொல்லிட்டார். வெளியே கேரளாக்காரங்க ஒரு கூட்டம் காத்துக்கிட்டு நின்னது. மத்த ஐயர்மாரா இருந்தா ரெண்டு ஜெபம் பண்ணி முடிச்சு விட்டிருப்பாங்க. எங்க சாலமோன் ஐயர் அப்படி இல்லை. புஸ்தகத்திலே இருக்கிறதிலே ஒரு எழுத்தை விட மாட்டார். அஞ்சு ஜோடி வரிசையா நிக்கோம். கல்யாண ஆராதனையை முதல்லே இருந்து வாசிக்கார். வாசிச்சுக்கிட்டே வந்து, "இவர்கள் விவாகத்தால் இணைக்கப்படக் கூடாதபடி நியாயமான தடை எதையாவது எவராவது அறிந்திருந்தால் இப்பொழுதே சொல்லக்கடவர்கள்"னு கேட்டு நிறுத்தினார்.

நீங்க நம்ம சபைக் கல்யாணத்துக்கு வந்திருக்கீங்களோ என்னமோ. அந்த இடத்திலே ஒரு சின்ன மௌனம் வரும். அது சும்மா ஒரு முறைதான். அந்த நேரத்திலே யாராவது இருமுவாங்க, ஒரு பிள்ளை அழும், ஐயர் கண்ணாடியைத் தூக்கி விடுவார், மேலே போயிருவார். ஆதி நாளிலே இருந்து எங்க ஊரிலே ஒருத்தரும் அதுக்குப் பதில் சொன்னது கிடையாது.

எமரால்டு கையைத் தூக்கினா. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, முழங்கையை மடக்காம. நான் தண்ணி கேக்கான்னு நினைச்சேன்.

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு ஐயா"ன்னா.

ஐயர் குனிஞ்சு மெதுவாச் சொன்னார்: "எமரால்டம்மா, அது மத்தவங்க சொல்றதுக்கு. பொண்ணு சொல்றதுக்கு இல்ல."

"எவராவதுன்னுதானே வாசிச்சிய? நானும் எவராவதுதான்."

"அப்பமே சொல்லியிருக்கலாமே அம்மா, முதல் கல்யாணத்துல?"

"அப்பம் முக்காடு போட்டுக் குனிஞ்சு நின்னேன் ஐயா. இவிய கூட ஒரு நாளும் நடந்ததில்ல. இப்பம் நடந்து பாத்தாச்சு."

"சரி, என்ன ஆட்சேபணை?"

"இவிய முன்னால நடந்து போயிருதாவ."

அவ்வளவுதான் தம்பி. கேட்டீங்களா? குடிக்கிறாருன்னு சொன்னாளா? அடிக்கிறாருன்னு சொன்னாளா? சொல்ல முடியாதே, நான் அந்த ஜாதி இல்லையே. முன்னாலே நடக்காராம். "எனக்கு இவிய முதுகுதான் தெரியும் ஐயா. முகத்த நிதானமாப் பாத்ததெல்லாம் ஆல்பத்துலதான்"னா.

ஐயர் புஸ்தகத்தைப் புரட்டினார். ஆட்சேபணை வந்தா என்ன செய்யணும்னு போட்டிருக்கிற பக்கத்துக்கு அவர் அதுவரைக்கும் போனதே இல்லை. பக்கம் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்தது, நகத்தாலே பிரிச்சார். உண்மை விசாரிச்சுத் தெரியிற வரைக்கும் சடங்கை நிறுத்தி வைக்கணும்னு போட்டிருக்கு. போட்டிருந்தா போட்டதுதான் அவருக்கு. மத்த நாலு ஜோடிக்கும் சர்ட்டிபிகேட்டு ஆச்சு, முத்திரை ஆச்சு, போட்டோ ஆச்சு. நாங்க ரெண்டு பேரும் சுவர் ஓரமா நின்னோம். வெளியே இருந்து ஒரு மலையாளத்து அம்மா எட்டிப் பார்த்து எமரால்டு கையைப் பிடிச்சு ஏதோ சொன்னா. ஆறுதல் சொல்றான்னு நினைச்சேன். ஷைனிதான் பிறகு சொன்னா, வாழ்த்துச் சொன்னாங்களாம்.

பஸ்ஸிலே ஏறின உடனே டைட்டஸ் எந்திரிச்சு நின்னான். முகத்திலே அப்படி ஒரு பிரகாசம். "விசாரணைக் கமிட்டி போடணும்"னான். தலைவர் அவன், உறுப்பினர் ஐயரம்மா, ஆலோசகர் ஐயர். "ஆட்சேபணை நிலுவையில இருக்கையில அக்காளும் அத்தானும் ஒரே ரூம்ல தங்கக் கூடாது. சாட்சி கெட்டுப் போவும்."

ஷைனி கேட்டா: "மாமா, அப்ப நான் யாரு?"

"நீ அதுக்கு முந்தின நிலவரம். உனக்குப் பாதிப்பில்ல."

அன்னைக்கு இருந்து நான் ஐயர் ரூமிலே, ஐயரம்மா எமரால்டு ரூமிலே. ஐயர் நல்ல மனுஷன்தான். ஆனா அவர் குறட்டையிலேயும் ஒரு எழுத்தை விட மாட்டார்.

மறுநாள் கலிலேயாக் கடலிலே படகு. எல்லாரும் பாட்டுப் பாடி, கண்ணை மூடி ஜெபிச்சு, கடல் தண்ணியைக் கண்ணிலே ஒத்திக்கிட்டு வரணும். எங்க படகிலே விசாரணை நடந்தது.

முதல் சாட்சி எமரால்டு. எங்க கல்யாணத்து அன்னைக்கு நடந்ததை எடுத்தா. சர்ச்சிலே இருந்து வீட்டுக்கு ஊர்வலம். பேண்டுச் செட்டு வாசிக்கான். தம்பி, பேண்டு வாசிச்சா பி.டி. வாத்தியார் கால் சும்மா இருக்குமா? லெஃப்ட் ரைட்டு தானா வந்திருச்சு. நான் நடக்க, பேண்டு என் பின்னாலே வர, ஊர் ஜனம் பேண்டுக்குப் பின்னாலே வர, வீட்டு வாசலிலே ஆரத்தி எடுக்க வந்தவங்க பொண்ணு எங்கேன்னு கேட்டாங்க. பொண்ணு சர்ச்சு வாசலிலே மாலையோட நிக்கா, கூட ஒரு ஆட்டுக்குட்டி நின்னு மாலையைத் தின்னுக்கிட்டு இருக்கு. இதிலே என் தப்பு என்ன? ஸ்டெப் போட்டு வந்திருந்தா வந்திருக்கலாம்.

ரெண்டாவது, ஷைனி பிறந்த அன்னைக்கு. வலி வந்திருச்சு. பஸ்ஸுக்கு நடந்தோம். நான் வேகமா முன்னாலே போய், பஸ்ஸிலே ஏறி, சீட்டுப் பிடிச்சு, பாளையங்கோட்டையிலே இறங்கி, ஆஸ்பத்திரியிலே டோக்கனும் வாங்கிட்டேன். நர்ஸம்மா, "பேஷன்டு எங்க?"ன்னு கேட்டாங்க. அப்பதான் திரும்பிப் பார்த்தேன். அவ பிறகு ஒரு பால் வண்டியிலே வந்து சேர்ந்தா. தம்பி, டோக்கன் முதல் நம்பர். அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

"இந்தா பாருங்க, நான் முன்னால போறது எதுக்கு?"ன்னு படகிலே எந்திரிச்சுக் கேட்டேன். "வழியில பாம்பு கிடந்தா முதல்ல யாரைக் கடிக்கும்? என்னையத்தானே?"

ஐயரம்மா சாந்தமான குரலிலே சொன்னாங்க: "இல்ல அண்ணாச்சி. முதல்ல போறவரு மிதிச்சு எழுப்பிவிட்டுப் போயிருவாரு. ரெண்டாவது வாறவளைத்தான் கடிக்கும்."

படகுக்காரர் வரைக்கும் சிரிச்சார். அவருக்குத் தமிழே தெரியாது.

ஷைனி போனை எடுத்துக் காட்டினா. அதுவரைக்கும் எடுத்த படம் எல்லாம். நாசரேத்திலே என் முதுகு. கப்பர்நகூமிலே என் முதுகு. எங்கேயோ தூரத்திலே சந்தன நிறத்திலே ஒரு புள்ளி, அது எமரால்டு. "அப்பா, பத்தாவது படிக்கிற வரைக்கும் உங்க தலைக்குப் பின்னாலதான் முகம் இருக்குன்னு நினைச்சேன்"னா. எல்லாருக்கும் இளக்காரம்.

—ஆமா தம்பி, தென்னைக்குச் சாம்பல் சத்துக் குறைஞ்சா குரும்பை கொட்டத்தான் செய்யும். தூரிலே இருந்து மூணடி தள்ளி வட்டமாப் பாத்தி எடுத்து... திரும்பிட்டாளா? சரி. எங்கே விட்டேன்?

தீர்ப்பு. எருசலேம் போய்ச் சேர்ற வரைக்கும் நான் அவளுக்கு மூணடி பின்னாலே நடக்கணும். முந்தக் கூடாது. விசிலை அவகிட்டே ஒப்படைச்சிரணும். ஒரு விசில் அடிச்சா நிக்கணும், ரெண்டு அடிச்சா வரணும். கடைசியிலே ஐயர் மறுபடி கேப்பார். அவ சம்மதிச்சா சம்மதம். "சம்மதிக்கலேன்னா?"ன்னு டைட்டஸ் கேட்டான். அவனுக்கு எல்லாத்தையும் முழுசாத் தெரிஞ்சுக்கிடணும். எமரால்டு கடலைப் பார்த்துக்கிட்டே, "இல்லன்னு சொல்லிருவேன். மனசுல இல்லாதத அந்த மண்ணுல நின்னு சொல்ல மாட்டேன்"னா.

விளையாட்டுக்குச் சொல்ற குரல் இல்லை தம்பி அது. முப்பத்தாறு வருஷம் கேட்ட குரல். சாம்பாரிலே உப்பு இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்ற அதே குரல். எனக்கு உடனே ஹாலிலே தொங்குற காலி ஃபிரேம்தான் கண்ணிலே வந்தது. வேற ஒண்ணும் வரலை. படகு விளிம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன், அது படகு ஆடினதாலே.

ஐயரம்மா என் கழுத்திலே இருந்து விசிலைக் கழட்டி, எமரால்டு கழுத்திலே போட்டு, கயிறு சிக்காம கொண்டையைத் தூக்கி விட்டாங்க. பெண்கள் எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், தனியா நிக்கக் கூடாதேன்னு.

பின்னாலே நடக்கிறது லேசுன்னு நினைக்காதீங்க. முன்னாலே போறவனுக்குப் போற இடம் மட்டும் தெரிஞ்சாப் போதும். பின்னாலே வாறவனுக்கு முன்னாலே போறவ எங்கே நிப்பான்னு தெரியணும். இவ எல்லா இடத்திலேயும் நிக்கா. யோர்தானிலே மீன் காலைக் கடிக்குன்னு நின்னு சிரிக்கா. எரிகோவிலே, ஆண்டவரைப் பார்க்கச் சகேயு ஏறின மரத்தைப் பார்த்துட்டு எல்லாரும் பஸ்ஸுக்கு வந்தாச்சு, இவ பக்கத்திலே பேரீச்சம்பழம் விக்கிறவன்கிட்டே குடும்பக் கதை கேட்டுக்கிட்டு நிக்கா. எந்தப் பாஷையிலேன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். அவனுக்கு மூணு பிள்ளைங்களாம், கடைசிப் பிள்ளைக்கு இளைப்பாம். இவ இப்படி நிக்கிற ஆளுன்னு எனக்குத் தெரியாது. புதுப் பழக்கம் போல.

சவக்கடலிலே இன்னொரு கூத்து. அந்தத் தண்ணியிலே யாரும் முங்க முடியாது, உப்பு தூக்கி விட்டிரும். எமரால்டு நைட்டியோட இறங்கி, மெத்தையிலே கிடக்கிற மாதிரி மிதக்கா. நான் மூணடி பின்னாலே மிதக்கேன். காத்து அடிச்சது. நான் என்ன செய்ய முடியும்? கால் முன்னாலேயும் தலை பின்னாலேயுமா அப்படியே நகர்ந்து அவளைத் தாண்டிப் போறேன். அடிச்சா பாருங்க விசில். கரையிலே காவலுக்கு உக்காந்திருந்தவன் யாரோ மூழ்குறாங்கன்னு பாய்ஞ்சு ஓடி வாறான். மூழ்கவே முடியாத கடலிலே ஓடி வாறான். நான் மல்லாக்கக் கிடந்தபடி அட்டென்ஷனிலே கையை ஒட்டி வச்சுக்கிட்டு நின்னேன். மிதந்தேன்னு சொல்லணும்.

அப்புறம் எருசலேம். கடைசி நாள். அன்னைக்குச் சாயந்தரம் ஐயர் கேக்கணும், அவ பதில் சொல்லணும். எனக்குக் காலையிலே இட்லி மாதிரி ஏதோ குடுத்தாங்க, இறங்கலை.

ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்த தெரு, தம்பி, அது ஒரு சந்து. படி படியா ஏறும். ரெண்டு பக்கமும் கடை. உலகத்திலே உள்ள ஜனம் எல்லாம் அந்தச் சந்திலே. எமரால்டு ஏறுறா பாருங்க, அப்படி ஒரு நடை. நான் பி.டி. வாத்தியார், எனக்கே மூச்சு வாங்குது. "கொஞ்சம் மெதுவாப் போ, எமரால்டு"ன்னேன்.

திரும்பாமலே சொன்னா: "இதுதான் என் நடை. இம்புட்டு நாளும் உங்களுக்குப் பின்னால மெதுவா வந்தேன்."

எருசலேம் காத்துக்கு அப்படி ஒரு பலம் உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். வேற என்ன சொல்ல முடியும்?

ஒரு வளைவு வந்தது. ஒரு ஆப்பிரிக்கக் கூட்டம் பாடிக்கிட்டே குறுக்கே போச்சு. அது போன பிறகு பார்த்தா, முன்னாலே சந்தன நிறச் சேலை, அரக்குப் பார்டர். அப்பாடான்னு மூணடி பின்னாலே ஒட்டிக்கிட்டேன். தீர்ப்பு தீர்ப்புதான். அது இடது பக்கம் திரும்பினது, நானும் திரும்பினேன். படி இறங்கினது, நானும் இறங்கினேன். ஒரு வரிசையிலே நின்னது, நானும் நின்னேன். வரிசையிலே எல்லாரும் பெண்கள். வெள்ளைக்காரி ஒருத்தி என்னை ஒரு மாதிரியாப் பார்க்கா. அப்பதான் அந்தச் சேலை திரும்பினது. ஐயரம்மா.

"அண்ணாச்சி, இதுவரைக்கும் கூட வந்ததே போதும். உள்ள நான் தனியாப் போயிக்கிடுதேன்."

பெண்கள் கழிப்பிடம், தம்பி.

நான் வந்த வழியே ஓடினேன். ஓடலை, விரைவா நடந்தேன். எந்தச் சந்துன்னு தெரியலை. எல்லாம் ஒரே மாதிரி. எனக்குப் பயம் எல்லாம் கிடையாது. கொஞ்சம் வேர்த்தது, நாக்கு ஒட்டிக்கிட்டது, மாதுளம்பழச் சாறு விக்கிற ஒருத்தர் தானாவே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காருங்கன்னு சைகை காட்டினார். அவ்வளவுதான்.

அங்கே உக்காந்து யோசிச்சேன். சரி, தேடணும். தேடுறதுன்னா அடையாளம் வேணும். எமரால்டு பின்னாலே இருந்து பார்த்தா எப்படி இருப்பா? கொண்டையா, பின்னலா? மூணு நாளாப் பார்த்துக்கிட்டுத்தானே வாறேன்? நான் பார்த்தது மூணடி தூரத்தை. காலாலே அளந்துக்கிட்டே வந்திருக்கேன், ஆளைப் பார்க்கலை. சாறு கடைக்காரர் சைகையிலே கேட்டார், யாரைத் தேடுதீங்க, உயரமா, குட்டையான்னு. நான் கையைத் தூக்கினேன், எந்த உயரத்திலே நிறுத்தணும்னு தெரியலை. என் தோளு வரைக்கும் இருப்பாளா? காது வரைக்கும் இருப்பாளா? கை அந்தரத்திலே நின்னது.

எந்திரிச்சேன். ஜனம் போற பக்கமே போவோம்னு நடந்தேன். நடந்தா, வழக்கம்போல வேகம் வந்திருச்சு.

பின்னாலே விசில்.

ஒரே விசில். நீளமா. எனக்கு அந்த விசிலைத் தெரியாதா? எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அடிச்சது. என் கால் ரெண்டும் தானா ஒட்டிக்கிட்டு நின்னது. அபவுட் டர்ன்.

படிக்கு மேலே, அந்தப் பெருங்கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிக்கா. முகமெல்லாம் சிவந்து, ரெண்டு கன்னத்தையும் உப்பிக்கிட்டு, வாயிலே விசிலோட. தம்பி, அது ஆல்பத்திலே இருக்கிற முகம் இல்லை. நெத்தியிலே ரெண்டு கோடு விழுந்திருக்கு. இடது புருவத்திலே நரை. எப்ப ஆச்சு இதெல்லாம்? எனக்கு ஒருத்தரும் சொல்லலை.

ரெண்டு விசில் அடிச்சா. போனேன்.

"எங்க போறிய?"ன்னா.

"உன் பின்னாலதான் வந்தேன்."

"நான் இங்கல்லா நிக்கேன்."

"அது ஐயரம்மான்னு பொறவுதான் தெரிஞ்சிது."

அவ முந்தானையாலே முகத்து வேர்வையைத் துடைச்சா. வெகு நேரமாத் தேடியிருக்கா போல. "இவ்வளவு கூட்டத்துல என்னைய எப்படிக் கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டேன்.

"உங்க முதுகு எனக்குத் தெரியாதா? இடது தோளு ஒரு விரக்கடை தாழ்ந்திருக்கும். காலர் வலப் பக்கம் மடங்கிக் கிடக்கும். பயந்திருந்தா ரெண்டு கையும் ஆடாது. அந்த மூலைல இருந்தே பாத்துட்டேன், ஆளு பயந்துதான் போறாவன்னு."

அப்பதான் எனக்குப் பளிச்சுன்னு பட்டது. "பாத்தியா?"ன்னேன். "நான் முன்னால நடந்ததுனாலதான் இன்னைக்கு உன்னால என்னையக் கண்டுபிடிக்க முடிஞ்சிது. பக்கத்துல நடந்திருந்தா என் முதுகை உனக்குத் தெரியுமா?"

எவ்வளவு நியாயமான வாதம் பாருங்க. அவ என்னை ஒரு நிமிஷம் பார்த்தா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா. படியிலே உக்காந்து சிரிச்சா. முந்தானையை வாயிலே வச்சுக்கிட்டுச் சிரிச்சா. சாறு கடைக்காரர் அவளுக்கும் ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டார். அந்த நேரத்துக்கு ஐயர், டைட்டஸ், ஷைனி, எலியாஸ் எல்லாரும் தேடிக்கிட்டே வந்து சேர்ந்தாங்க. ஐயரம்மா கடைசியிலே வந்தாங்க, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாங்க.

ஐயர் புஸ்தகத்தை எடுத்துட்டார். "எமரால்டம்மா, ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கிடுதீங்களா?"

"இல்ல ஐயா."

டைட்டஸ் பேனாவைத் திறந்தான். எனக்கு, தம்பி, அந்த நேரத்திலே ஃபிரேம் ஞாபகம் வரலை. ஏன்னு தெரியலை. அந்தரத்திலே நின்ன என் கைதான் ஞாபகம் வந்தது.

"ஆட்சேபணை இருக்கட்டும்"னா எமரால்டு. "சம்மதமும் இருக்கு. ரெண்டும் இத்தன வருஷமா ஒரே வீட்டுலதான் இருக்குது."

"விதியில இடமில்லக்கா"ன்னான் டைட்டஸ்.

"உனக்கு எப்பவாவது பொண்டாட்டி ஆட்சேபணை இல்லாம இருந்திருக்காளாடா?"

டைட்டஸ் பேனாவை மூடிட்டான்.

அந்தச் சாறு கடை ஓரத்திலே வச்சே ஐயர் வாசிச்சார். சந்திலே போறவங்க எல்லாம் இடிச்சுக்கிட்டுப் போறாங்க. இன்பத்திலும் துன்பத்திலும், வியாதியிலும் சுகத்திலும், எல்லாம் நான் சொன்னேன். மரணம் பிரிக்கும் வரைக்கும் சொல்லி முடிச்ச பிறகு எமரால்டு, "கூட நடப்பேன்னும் சொல்லச் சொல்லுங்க"ன்னா. ஐயர் புஸ்தகத்தைப் பார்த்தார். அதிலே இல்லை. முதல் தடவையா, புஸ்தகத்திலே இல்லாத ஒண்ணை அவர் வாசிச்சார். நான் சொல்லிட்டேன். இடம் இருக்கிற இடத்திலேன்னு ஒரு வார்த்தை சேர்த்துத்தான் சொன்னேன். நமக்கும் ஒரு எச்சரிக்கை வேணும்லா?

சாறு கடைக்காரர் எல்லாருக்கும் ஒவ்வொரு டம்ளர் குடுத்தார். கானாவிலே கிடைக்கிற ரசம் மாதிரி சிவப்பாத்தான் இருந்தது. சர்ட்டிபிகேட்டு அவர்கிட்டே இல்லை.

ஊருக்கு வந்து ஸ்தோத்திர ஆராதனை நடந்தது, பிரியாணி நடந்தது. ஃபிரேமிலே ஷைனி எடுத்த ஒரு படத்தை மாட்டியிருக்கோம். எமரால்டு முன்னாலே போறா, அவ முதுகு தெரியுது. பின்னாலே நான், என் முகம் தெரியுது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கிட்டு வாறேன். பார்க்கிறவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு என்ன வருத்தம்னா, அதிலே முத்திரை இல்லை.

ஆக மொத்தத்திலே, கமிட்டி என் பக்கம் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கிட்டதுன்னுதான் சொல்லணும். விசிலை மட்டும் இன்னும் திருப்பித் தரலை. கேட்டா...

கேட்டுதா? விசில். பஸ் நிக்குது. விலக்கு வந்திருச்சா? பேச்சு சுவாரஸ்யத்திலே பார்க்கலை.

கண்டக்டர் தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. யாரும் விளையாடலை. அது எங்க வீட்டு விசில். இந்தா, இறங்கிட்டேன். அவ ரெண்டாவது விசில் அடிக்கிறதுக்குள்ளே இறங்கிரணும். ரெண்டு அடிச்சா எனக்கு 'வா', டிரைவருக்குப் 'போ'.

தம்பி, ஜன்னல் வழியா அந்த மஞ்சப் பையைக் குடுங்க. நல்லா இருப்பீங்க. அவ இறங்கி நடந்துட்டாளே. எது? ரெண்டு பேர் போறாங்களே, ரெண்டும் பச்சைச் சேலை. நீங்க கொஞ்சம்... வேண்டாம், சொல்லாதீங்க. தெரிஞ்சு போச்சு. அந்த இடது பக்கம் போறவ. கொண்டை, பூ இல்லை. அவ நடந்தா வலது கையை மட்டும் கொஞ்சம் பின்னாலே நீட்டின மாதிரியே வச்சுக்கிட்டுப் போவா, பாருங்க. எருசலேமிலே இருந்து அப்படித்தான் போறா. எதுக்குன்னு தெரியலை. அவ கைப்பை கனம் போல.

போய் வாங்கிக்கிடுதேன். வாரேன் தம்பி.